வெண்டலின் நல்ல கை

நவம்பர் 6

மழை. வேலைக்குத் திரும்பலாமா என்று கையைச் சோதித்துக்கொள்ள வெண்டல் குரோவெல் என்னிடம் வந்தார். போன வசந்தத்தில், கடலிலிருந்து சிங்கி இறால் கூண்டை இழுக்கும்போது கயிற்றோடு சேர்ந்து இடது கையும் இழுவைச் சக்கரத்தில் மாட்டி நசுங்கியதே, அதே வெண்டல். காப்பீட்டு ஆள் காலையிலேயே தொலைபேசியில் வழக்கமான பல்லவி: “முழு பலத்தோட பிடிக்கிறாரா, இல்ல நடிக்கிறாரா?”

பிடியை அளக்கும் கருவியைக் கொடுத்தேன். கைப்பிடியை ஐந்து அகலத்தில் மாற்றலாம். முழு மூச்சாகப் பிடித்தால் நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. வரைந்தால் ஒரு சின்னக் குன்று. நடிப்பவருக்குத் தட்டையாக வரும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். நசுங்கிய அந்தக் கையிலும் அழகான குன்று! நெற்றியெல்லாம் வியர்வை அவருக்கு. வலது கைக்குக் கிட்டத்தட்ட இணையான பலம் வேறு.

“அப்போ சீசன் தொடங்குற அன்னிக்கு நான் போகலாமில்ல, டோரீன்? கென்ட்ரா முதல் தடவையா படகை எடுக்குறா. அன்னிக்கு அப்பன் கூட இல்லாம எப்படி?”

போகலாம் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 7

வலது கையின் கோடு தட்டை! இன்று தாளை எடுத்து வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அடிபட்ட கையையே சந்தேகித்துப் பழகிய கண். நல்ல கையை யார் பார்க்கிறார்கள்?

நவம்பர் 8

திரும்ப வரச் சொன்னேன். இந்த முறை இடது, வலது, இடது, வலது என்று யோசிக்க நேரமே கொடுக்காமல் கருவியை மாற்றி மாற்றித் திணித்தேன். வலது கையில் கருவியின் முள் எகிறியது. இடது கை அதில் பாதிகூட இல்லை.

இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கண்டுபிடிச்சிட்டியா?”

“உங்க கைதான் சொல்லிடுச்சு.”

பலவீனத்தை நடிப்பவர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் கெட்ட கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, நல்ல கையை அதன் மட்டத்துக்கு இறக்கி நடித்த மனிதர்! மகளுக்காக. கோபம் வரவேண்டும். வரவில்லை. கண்தான் கலங்கியது.

“எழுதாத, டோரீன். உன் தம்பி கல்யாணத்துக்கு இறால் பெட்டி பெட்டியா இறக்கினது யாரு?”

“நீங்கதான். ஆனா கயிறு காலைச் சுத்தி இழுத்தா இந்த இடது கை நிக்காது, வெண்டல். சுக்கானை விட்டுட்டு கென்ட்ராதான் உங்களைப் பிடிக்க ஓடி வருவா. அப்போ படகு யார் கையில?”

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 12

உள்ளதை எழுதி அனுப்பினேன். காப்பீட்டு ஆளுக்கு எரிச்சல், இன்னும் பணம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமே. “அவரே போறேங்கறார், உங்களுக்கு என்ன வந்துச்சு?” — எனக்கு என்ன வந்ததா? கூண்டுகளை மலையாக அடுக்கிக்கொண்டு போகிற முதல் நாள் படகை அவர் பார்த்திருக்கிறாரா?

கடையில் வெண்டலின் மனைவி மார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரியாகத்தான் செய்தேனா?

நவம்பர் 17

வெண்டலுக்குப் பதில் அவர் அண்ணன் மகன் போகிறானாம்.

நவம்பர் 25

சீசனின் முதல் நாள். விடிவதற்குள் ஊரே துறையில் நின்றது. கென்ட்ராவின் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட வெண்டல் நின்றிருந்தார். அலையில் படகு விலக, கயிறு விறைத்தது. இடது கையால் பிடித்தார். வழுக்கியது. வலது கை ஒன்றே படகை இழுத்து நிறுத்தியது. அந்த இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்பா, விடுங்க! நேரமாச்சு!” என்று உள்ளிருந்து கென்ட்ரா கத்தினாள்.

விட்டார். படகுகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் போயின. எத்தனை முறை பார்த்தாலும் மெய்சிலிர்க்கும் காட்சி. கடைசி விளக்கும் மறைந்த பிறகுதான் என் பக்கம் வந்தார்.

“இப்போ ரெண்டு கையிலயும் முழு பலம்தான் குடுத்தேன். வேணும்னா எழுதிக்கோ.”

“பார்த்தேன்.”

பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, கோப்பையை இடது கையால் நீட்டினார். கை நடுங்கியது. நான் அவசரப்படாமல் வாங்கிக்கொண்டேன்.