குதிகாலைப் பார்த்து வாசித்தவருக்கு

அண்ணே,

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பாடப் போகவில்லை, சாப்பிடத்தான் போனேன். மேடையில் யாரோ புதுக் குழு. டிரம்ஸ் வாசித்தவரைப் பார்த்ததும் கையிலிருந்த ரோஸ்மில்க்கை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. கறுப்புக் கார்ப்பெட் ஒட்டிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியைப் படுக்கப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். பாட்டு இடைவெளியில் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏன் தம்பி, பாக்ஸ் மேல உக்காந்திருக்கீங்க?"

"தெரியலங்கக்கா. நம்ம பக்கம் டிரம்ஸ்னா இப்படித்தான் உக்காருவாங்க. பாக்கவும் கெத்தா இருக்குல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரிக்க நீங்கள் இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் மெல்லிசைக் குழுவில் நீங்கள் டிரம்ஸ், நான் பாட்டு. அரியலூர், ஜெயங்கொண்டம், செட்டிகுளம் என்று எங்கே கச்சேரி என்றாலும் ஓனருடைய அந்த ஓட்டை வேனில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பீர்கள். கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது, "நல்லா பாடுன தங்கச்சி" என்பீர்கள். சில நாள் சொல்ல மாட்டீர்கள். அந்த நாட்களில் நான் நிஜமாகவே ஒப்புக்குத்தான் பாடியிருப்பேன். ஓனரை ஏமாற்றலாம், கைதட்டுகிறவர்களை ஏமாற்றலாம், அண்ணன் காதை ஏமாற்ற முடியாது என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறேன்.

அப்புறம் கொஞ்ச நாளில் பாட்டு முடிந்த பிறகும் உங்கள் கை நிற்காமல் வாசித்துக்கொண்டே போக ஆரம்பித்தது. ஓனர் வேனிலேயே, உங்களை வைத்துக்கொண்டே சொன்னார்: "திருச்சியிலேருந்து ஒரு பையன் வரேங்கிறான். கையகலத்துல ஒரு எலக்ட்ரானிக் பேடு வச்சிக்கிட்டு அத்தனையும் வாசிக்கிறானாம். அடுத்த மாசம் பாத்துருவோம்." நீங்கள் ஜன்னல் வழியாகக் கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். என்ன மனுஷன் இவர், வேலை போகப்போகிறது, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம்தான் ஒரு சிடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் நாம் வாசித்தபோது, வடக்கேயிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஒருவர் உங்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கொடுத்தது. யாரோ வெளிநாட்டு டிரம்மருடைய ஆல்பம். ஜாஸ் என்று அவர் சொன்னதாகச் சொன்னீர்கள். எங்கள் விசிடி பிளேயரில் போட்டேன். அடியில் ஒரு மிஷின் 'தும் தும் தும்' என்று நிற்காமல் இடிக்கிறது. அவர்கள் ஊரில் டான்ஸ் ஆடுகிற இடங்களில் போடுகிற சத்தமாம். அதற்கு மேலே நிஜ டிரம்ஸை ஒரு மனுஷன் வாசிக்கிறான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னண்ணே இது, மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடுற மாதிரி?"

நீங்கள் எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். பெட்டி உடைந்துவிடுமோ என்று நான் பதறும்போது உங்கள் கண் கலங்கியிருந்தது.

"கேக்குது தங்கச்சி. இடுப்பு வழியா கேக்குது."

அன்றைக்குத்தான் சொன்னீர்கள். மெல்லிய சத்தமெல்லாம் காதிலிருந்து போய் வெகுநாள் ஆகிறது, அடிச்சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம், நேரே நின்று பேசினால் வாயசைவை வைத்துப் பிடித்துக்கொள்வீர்கள். வேனில் ஓனர் பேசியது எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. என் பாட்டு கேட்பதில்லை. "வெளிய சொல்லிராத. காது கேக்காத டிரம்மர்னு பேராயிட்டா எவன் கூப்புடுவான்? வாசிக்காம என்னால இருக்க முடியாதும்மா."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை அண்ணே, கோபம்தான். "அப்ப நல்லா பாடுன, நல்லா பாடுனன்னு சொன்னதெல்லாம்?"

"உன் குதிகாலைப் பாத்துத்தான். வலது காலால தாளம் போடுவல்ல? அதப் பாத்துத்தான் நான் வாசிக்கிறதே. நீ நல்லா பாடுற அன்னைக்கு அது தரைய விட்டு லேசாத்தான் எந்திரிக்கும். ஒப்புக்குப் பாடுனா பொத்து பொத்துன்னு விழும்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறுகிற வழக்கத்தால் தப்பித்தீர்கள். எனக்கே தெரியாத என் காலை வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்தச் சிடியைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். நீங்கள் பெட்டி மேல், நான் தரையில். "மிஷினு நேரா நடந்து போவுது பாரு. இந்த ஆளு கூடவே போறான், நடுவுல நின்னு பொட்டிக்கடையில வெத்தல வாங்குறான், அப்புறம் ஓடிவந்து சேந்துக்குறான்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு அது பாட்டாகக் கேட்டது. கீபோர்டில் இருக்கிற மிஷின் தாளத்தை, அடிச்சத்தம் தருகிற ஒரு பேஸ் பாக்ஸில் விட்டு, அதை உங்களுக்கு அடியில் போட்டால் என்ன என்ற யோசனை நம் இருவரில் யாருக்கு முதலில் வந்தது என்று மறந்துவிட்டது. சென்னையில் இப்போது இதுதான் ஸ்டைல் என்று ஓனரிடம் கூசாமல் புளுகியவள் நான்தான்.

அரியலூர் மண்டபத்தில் முதல் சோதனை. குதிகால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று புடவையை ஏற்றிக் கட்டியிருந்தேன். ஓனர் பார்த்துவிட்டு, "என்னம்மா, நாத்து நடவா போற?" என்றார். போகட்டும் என்று விட்டேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதை அப்படி விட முடியவில்லை.

"அந்த பாக்ஸ எடுத்து முன்னாடி வைங்கய்யா. சத்தம் சனங்களுக்கா, டிரம்மருக்கா?"

இரண்டு பேர் பெட்டியைத் தூக்க வந்துவிட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன்.

"பாக்ஸ் அங்க இல்லன்னா எனக்குச் சுருதி நிக்காது சார். நான் பாடல."

சுருதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் தெரியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்துவிட்டதால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அன்று வாசித்தீர்களே! மிஷின் நேராகப் போனது. நீங்கள் நடுவில் கையை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். போச்சு, விட்டுவிட்டார் என்று நான் நினைக்கும்போது எங்கிருந்தோ ஓடிவந்து சரியாக என் பாட்டின் அடியில் சேர்ந்தீர்கள். பந்திக்கு எழுந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஓனர் அதற்குப் பிறகு திருச்சிப் பையன் பேச்சையே எடுக்கவில்லை. தன்னுடைய யோசனைதான் இது என்று நாலு பேரிடம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் எறையூரில் வேறொரு குழுவின் டிரம்மரும் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். வேனில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பாவம் தங்கச்சி, அந்தப் புள்ளைக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாமலே வாசித்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களைத் தூக்கிய அன்று வாசலில் மேளம் அடித்தார்கள். பெண்களோடு நின்று அழுதுகொண்டிருந்தவள் குனிந்து பார்த்தேன். என் வலது குதிகால் அதுபாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

இப்போதும் கச்சேரிக்குப் போகிறேன். பின்னால் வாசிக்கிறவர்களுக்கெல்லாம் நல்ல காது. போன மாதம் கிளம்பும்போது என் மகள், "அம்மா, புடவை மேல ஏறியிருக்கு, இழுத்து விடு" என்றாள். இருக்கட்டும் என்றேன். ஏற்றித்தான் கட்டுகிறேன் அண்ணே. நல்லா பாடினேனா இல்லையா என்று நீங்கள் பார்க்க வேண்டாமா?