அலமேலுவிடம் மிச்சமிருந்தது

அன்பு வசந்தா, தலைவலியெல்லாம் விட்டுப்போன இடத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

குத்தாலத்தில் இந்த வருஷம் காவிரியில் நேரத்தோடு தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. நீ வைத்த நந்தியாவட்டை மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. சாமிக்கு அதில்தான் பூப் பறிக்கிறேன்.

நம் படக்கதையின் ஐந்தாவது புத்தகம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் கதை எழுத நீ படம் வரைய, நாலு புத்தகம் கொண்டுவந்தோம். காவிரிக் கரையில் ஐந்து மந்திரக் குடும்பங்கள். நாற்று நடுவார்கள், கடை வைத்திருப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். யாருக்கும் தெரியாமல் உலகத்தைக் காப்பாற்றுவதும் அவர்கள்தான். ஆடிப்பெருக்கன்று பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றும் கூட்டத்தில் நின்று, தாங்களும் ஒரு கயிறு கட்டிக்கொண்டு காவலைப் புதுப்பிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

"சாமி கும்பிடறவ மந்திரவாதி கதை எழுதலாமாடி?" என்று நான் தயங்கியபோது, "உங்க சாமிக்கும் கையாள் வேணாமாக்கா? எத்தனை வேலையைத்தான் அவரே பாப்பாரு?" என்றாய்.

மந்திரம் சும்மா பலிக்கக் கூடாது என்பது மட்டும் என் பிடிவாதம். வரவு செலவு எழுதியே பழகினவள் வேறெப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு தடவை ஊரைக் காப்பாற்றும்போதும் தனக்குப் பிரியமான ஒரு நினைவைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது திரும்பாது. அந்தக் குடும்பங்களில் ஒருத்தியான நம் அலமேலு தன் கல்யாண நாளைக் கொடுத்தாள், அம்மாவின் குரலைக் கொடுத்தாள். கடைசியில் கொள்ளிடம் உடைத்துக்கொண்டு வரும்போது அவளிடம் மிச்சமிருந்தது மகள் செல்லியின் முகம் ஒன்றுதான். அதைக் கொடுத்தால்தான் ஊர் பிழைக்கும்.

அந்தப் பக்கத்தை வரைவதற்குள் நீ போய்விட்டாய். உன் மகள் கயல், தானே வரைகிறேன் என்று வந்தாள். வெள்ளம் வரைக்கும் மடமடவென்று வரைந்தாள். அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வந்து உட்காருவாள், பென்சிலைச் சீவுவாள், எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் சொன்னாள்: "பெரியம்மா, கணக்கை மாத்துங்க. அலமேலுகிட்ட இன்னொண்ணு மிச்சமிருந்துதுன்னு எழுதுங்க."

"எங்கேந்துடி மிச்சம் வரும்? படிக்கிற பிள்ளைங்க பழைய புத்தகத்தையெல்லாம் எடுத்து வச்சுக் கணக்குப் பாக்குங்களே."

"அப்ப ஊர் வெள்ளத்துல போகட்டும். அம்மா பிள்ளையை மறக்கிற படம் என்னால வரைய முடியாது."

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ அவளை அடையாளம் காணவில்லை. அந்தப் பிள்ளையிடம் அதையே வரையச் சொல்ல நான் யார்? கோயிலில் நின்றபோதுகூடப் புத்தகம் முடியவேண்டும் என்று கேட்கவில்லை, அவள் மனசு ஆறட்டும் என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து, "வேணாம் கயல், நாலு புத்தகத்தோட போதும்" என்றேன். தாள்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நேற்றுச் சாயங்காலம் வந்து அடுப்படி மேடையில் ஒரு தாளை வைத்தாள். வெள்ளம் வடிந்த கரை. சேற்றில் நிற்கிற செல்லியை அலமேலு யாரோ எவரோ என்று பார்க்கிறாள். அடுத்த கட்டத்தில் அவளைப் படித்துறையில் உட்கார வைத்துத் தலை பின்னுகிறாள். வசனத்தைக் கயலே எழுதியிருந்தாள்: "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? தலை இப்படிக் கலைஞ்சு கெடக்கே. வா, பின்னி விடறேன்."

"இது எப்படிடி தோணிச்சு உனக்கு?"

"தோணலை. அம்மா சொன்னதுதான். ஆஸ்பத்திரில, நீங்க காப்பி வாங்கப் போயிருந்தீங்க. என் தலையை முழுசாப் பின்னி முடிச்சாங்க பெரியம்மா. கோணல்தான்."

இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அப்போது உனக்குக் கையைத் தூக்கவே முடியாதே, வசந்தா. எப்படிப் பின்னினாய்?

படத்திலும் பின்னல் கோணலாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில் என் எழுத்து ஒன்றுகூடச் சேராது. அச்சகத்தில் யாராவது அந்தப் பின்னலை நேராக்கித் தருகிறேன் என்று வந்தால், தொட விடமாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
ராஜேஸ்வரி