மதினிக்குச் செய்யாமல் போன செல் பிளாக்

பிரியமுள்ள மதினிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் இப்போது எங்கள் லேபின் நோயாளி. என் அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு பங்காளி வீட்டு விசேஷங்களில்கூட நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

போன மாதம் விருதுநகர் லேபுக்கு அவரே வந்தார். நெஞ்சில் கோத்த நீரை மருத்துவமனையில் எடுத்து, பாட்டிலில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூச்சு இரைத்தது. "ஒரு சொட்டு சிந்தலலே, பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்" என்றார். "உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்கும் இதே நீர்தான். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிட்டு 'புற்றுநோயோ, சந்தேகம்' என்று எழுதினார்கள். மிச்சத்தை, அப்போது மதுரை லேபில் இருந்த எனக்கு அனுப்பச் சொன்னார்கள். அன்றைக்குத் தாயில்பட்டி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. உங்களுக்குக் குணமாக வேண்டுமென்று தீச்சட்டி எடுக்க நேர்ந்து, கையில் காப்போடு நின்றவர் அவர்தான்.

போனில் கேட்டார்: "ஏலே, காப்புக் கட்டுன கையோட சீக்குத் தண்ணியத் தூக்கிக்கிட்டு அலையலாமா? ஆத்தா கோவிச்சுக்கிட்டா உன் மதினி கதி என்னலே?"

என்னிடம் கேட்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி ஆயாவிடம் சொல்லி அந்த நீரைச் சாக்கடையில் ஊற்றச் செய்திருந்தார். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி நீர் எடுக்க உங்கள் உடம்பில் தெம்பு இல்லை.

செல் பிளாக் என்றால் என்ன என்று ஒருமுறை உங்களுக்கு விளக்கினேன், ஞாபகமிருக்கிறதா? "தயிருக்கு உறை ஊத்துற வேலைக்கா தம்பி அம்புட்டுப் படிச்சீக?" என்று சிரித்தீர்கள். அவருக்கும் அதைத்தான் செய்தேன். நீரைச் சுழற்றி, அடியில் தங்கிய செல் வண்டலில் பிளாஸ்மாவும், அதை உறைய வைக்கும் திராம்பினும் விட்டேன். உறைந்த சிறு கட்டியை வடிதாளில் பொதிந்து ஃபார்மலினில் போட்டு, பிறகு மெழுகில் பதித்தேன். தகட்டில் தடவியது ஒரு சாயத்தோடு சரி. பிளாக்கை மெல்லிசாகச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் வேறு சாயம் ஏற்றிப் பார்க்கலாம்.

இந்தக் கையில் ஆயிரம் பிளாக் வந்திருக்கும். அவருடையது மட்டும் ஏன் இவ்வளவு சுத்தமாக அமைந்தது?

நுரையீரல் புற்றுநோய் என்று எங்கள் லேப் டாக்டரம்மா எழுதினார். அதே பிளாக்கிலிருந்து மரபணுச் சோதனைக்கும் அனுப்பினோம். மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை என்று இன்று காலை முடிவு வந்தது. முழுக்கத் தீராது, ஆனால் கொஞ்சம் காலம் கிடைக்கும்.

அவரை வரவழைத்துச் சொன்னேன். அவர் கேட்டார்:

"அன்னைக்கு நான் அந்தத் தண்ணிய ஊத்தச் சொல்லலன்னா, அவளுக்கும் இந்த மாத்திர கேட்டிருக்குமாலே? இருந்திருப்பாளா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன், மதினி. 'ஆமா' என்கிற பதிலைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் கண்ணால் பார்க்காத செல்லுக்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை.

"தெரியாதுண்ணே. தெரிஞ்சுக்க வழியில்லாமப் போச்சு."

"தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் சொன்னது அவருக்கு விடுதலையா, தண்டனையா? எனக்கு விளங்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் மதுரை மருத்துவமனைக்கு மாதாமாதம் நானே கூட்டிப்போவேன். மாத்திரையை விழுங்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். உங்களுக்குக் கிடைக்காத காலம் அது. ஒரு நாளைக்கூட அவர் வீணாக்க விடமாட்டேன்.

கோபம் குறையாத,
உங்கள் கொழுந்தன்