இடப்பக்கம் வலிக்கிறது என்று நீ சொன்னாய்

லெட்சுமி, என் தங்கமே,

உன் நினைவு நாளையொட்டிய ஞாயிறன்று வருஷம் தவறாமல் இந்தப் பத்திரிகையில் உன் படம் வரும். ரெம்பாவ் ஸ்டூடியோவில், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பதற்காக எடுத்த படம். வேறு படம் நம்மிடம் இல்லை. கீழே நான்கு வரி: "அகால மரணத்தால் எங்களைப் பிரிந்த அன்புத் தங்கை." எழுதிக் கொடுப்பவன் நான்தான். அகாலம் என்ற சொல் இத்தனை வருஷம் எனக்கு வசதியாக இருந்தது. அதில் யாருடைய பெயரும் இல்லை பார்.

இந்த வருஷம் நான்கு வரி போதாது என்றேன். பத்திரிகை அலுவலகத்துப் பெண், "ஐயா, நினைவஞ்சலிக்கு அவ்வளவுதான் இடம்" என்றாள். "அப்ப கடுதாசியாப் போடும்மா. ஒரு வரி வெட்டுனாலும் நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன். எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டாள். முடியும்போது முடியும் என்றேன். போனை வைத்துவிட்டு என்னைத் திட்டியிருப்பாள். திட்டட்டும்.

நம் தோட்டம் இப்போது இல்லை. சுவா ஊருக்குப் போகும் வழியில் இருந்த ரப்பர் மரம் எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது. நான் மந்தினில் மகன் சேகர் வீட்டில் இருக்கிறேன். எழுபத்தாறு வயது. பல் எல்லாம் கொட்டிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை என்பாள் சேகரின் மனைவி. அந்த வாயால்தான் போன மாதம் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்ல, முதலில் உன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சேகரின் மகள் தர்ஷினியை நீ பார்த்ததில்லை. இருபத்தாறு வயது, செரம்பானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேருவதற்காக உடம்பைச் சோதித்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். படம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு இதயம் வலப்பக்கம். கல்லீரல் இடப்பக்கம். இரைப்பை, மண்ணீரல், குடல்வால், உள்ளே இருக்கிற எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறியிருக்கின்றன. பிறவியிலேயே அப்படி. நோய் இல்லை என்றார் டாக்டர். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே வந்து எங்களிடம் சொன்னாள். சேகர் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆகுற வரைக்கும் வெளிய யாருக்கும் தெரிய வேணாம்" என்றான். அதே சொற்களை நம் அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன், லெட்சுமி.

உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

சின்ன வயதில் என் கையைப் பிடித்து உன் வலது மார்பில் வைத்து, "இங்கதான் அண்ணே அடிக்குது, உனக்கும் இங்கதானே?" என்று கேட்பாய். போடி பைத்தியம் என்பேன். பத்தொன்பது வயதில் உனக்கு இருமல் நிற்காமல் போக, செரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை நான் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்து, தோட்டத்து டிரஸ்ஸரிடம் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். தோட்டத்தில் சின்னச் சின்ன வைத்தியமெல்லாம் டிரஸ்ஸர்தானே.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ தூங்கினாய். நான் உறையைப் பிரித்தேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பழைய ஆங்கிலப் பத்திரிகையும் ஒரு கிழிந்த அகராதியும் வைத்துக்கொண்டு நானே படித்துக்கொண்ட ஆங்கிலம் என்னுடையது. அதில் எனக்கு ரொம்பக் கர்வம். இதயம் வலப்பக்கம், மற்ற உறுப்புகளும் அப்படியே, உடம்புக்குக் குறையில்லை, இதைப் பதிவில் வைக்கவும். அர்த்தம் புரிந்தது. விழித்து, "என்ன அண்ணே எழுதியிருக்கு?" என்று கேட்டாய். "சளிதான்" என்றேன்.

அம்மாவிடம் மட்டும் படித்துச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் நினைவு வந்தது டிரஸ்ஸரின் வீட்டம்மா. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாதிக் கல்யாணம் அந்த அம்மாள் பேசி முடித்ததுதான். உனக்கும் அவர்தான் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியின் மகனைக் கொண்டுவந்திருந்தார். "கடுதாசி டிரஸ்ஸர் கைக்குப் போனா ராத்திரிக்குள்ள அவ காதுக்குப் போயிரும்டா. நெஞ்சு மாறிக் கெடக்குற புள்ளைய எவன் கட்டுவான்? கல்யாணம் ஆகுற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். கடிதம் அடுப்புக்குள் போனது.

அம்மா மேல் ஆயிரம் முறை கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் இன்று உண்மையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிராணி சம்பந்தியானால் தோட்டத்து ஆபீஸில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே இங்கிலீஷ் படித்தவனுக்கு அந்த நாற்காலி பெரிசு. அம்மா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கவில்லை. நானேதான் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து உனக்கு வயிற்றுவலி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு ஐந்து நாள் இருந்தது. டிரஸ்ஸர் உன்னைப் படுக்க வைத்து வலது அடிவயிற்றை அமுக்கினார். அங்கே வலிக்கவில்லை. "இந்தப் பக்கம் ஐயா, இந்தப் பக்கம்" என்று இடது பக்கத்தைக் காட்டினாய். மூன்று முறையாவது சொல்லியிருப்பாய். "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. வாயுதான். பேதிக்குக் குடுக்குறேன், சரியாயிரும்" என்றார். மருந்து எடுத்துக் கொடுக்க அவருடைய வீட்டம்மாள் பக்கத்திலேயே நின்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

ஒரே ஒரு வாக்கியம், லெட்சுமி. "ஐயா, இவளுக்கு உள்ளே எல்லாம் மாறியிருக்கு." விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், வேலை வாங்குகிற மண்டோரோடு மல்லுக்கு நிற்கிறவன், துரைக்கே பதில் சொல்கிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

மூன்றாம் நாள் உன் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. தோட்டத்து லாரியில் செரம்பானுக்குக் கொண்டுபோனோம். குடல்வால் வெடித்திருந்தது. அறுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்து, "இப்படி என்று உங்களுக்கு முன்பே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர்" என்றேன். நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதற்கப்புறம் நான் செய்ததையும் கேள். டிரஸ்ஸர்தான் உன்னைக் கொன்றார் என்று ஆங்கிலத்தில் மனு எழுதினேன். தோட்டம் முழுக்கக் கையெழுத்து வாங்கினேன். அவரை வேறு தோட்டத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, குடல்வால்னா வலது பக்கம்தான் அமுக்கிப் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. நான் வேற என்ன செஞ்சிருக்கணும், நீயே சொல்லு" என்றார். சண்டை போடுகிற குரலில் இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே அச்சில் சொல்கிறேன்: அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சேரவேண்டிய கடிதம் அவருக்குச் சேரவில்லை.

இனி போன மாதம்.

தர்ஷினிக்கு அவளே பார்த்துப் பிடித்த பையன், பிரகாஷ். நல்ல குடும்பம், நல்ல வேலை. மந்தின் வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, தட்டு வரிசை எல்லாம் வைத்து, இரு பக்கத்தாரும் பாயில் உட்கார்ந்தோம். மூத்தவன் என்பதால் பெண் வீட்டுக்குப் பேச வேண்டியவன் நான். தட்டு மாற்றுவதற்கு முன் பையனின் தாய்மாமன் வழக்கப்படி கேட்டார்: "பொண்ணப் பத்தி வேற ஏதாச்சும் சொல்லணுமா பெரியவரே?"

அது சும்மா கேட்கிற கேள்வி. ஒன்றுமில்லை என்று சொல்லித் தட்டைக் கொடுக்க வேண்டும். சேகர் என் தொடையைக் கிள்ளினான். நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

பையனின் அம்மா, "ஹார்ட்டுல கோளாறா?" என்றார். "கோளாறு இல்லம்மா. எடம் மாறியிருக்கு" என்றேன். "அப்ப நாளைக்குப் புள்ள பொறந்தா?" என்றார் மாமன். பின்னாலிருந்து பிரகாஷின் கூட்டாளி ஒருவன், "பரவால்ல லா, கட்டிப் புடிச்சா ரெண்டு ஹார்ட்டும் நேருக்கு நேரா இருக்கும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். பையனின் அம்மா சிரிக்கவில்லை. மகன் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார்.

அவன் தர்ஷினியைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். "தெரியாதும்மா" என்றான்.

டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சேகர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினான். "ஒங்களுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கவே தெரியாதாப்பா?" வாயை மூடிக்கொண்டிருந்து நான் செய்தது என்ன என்று அவனுக்குத் தெரியாது. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

தர்ஷினி கத்தவில்லை. புடவையைக்கூட மாற்றாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே அவருகிட்ட சொல்லிட்டேன். எக்ஸ்ரே படத்தையே காட்டியிருக்கேன்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"அவங்க அம்மாகிட்ட மெதுவா அவரே சொல்றதா இருந்தாரு. நீங்க ஏன் என்னைக் கேக்கல? ஒரு வார்த்தை, 'சொல்லட்டுமா தர்ஷினி'ன்னு? எங்க அப்பா மறைக்கச் சொன்னப்பவும் என்னைக் கேக்கல. நீங்க சொன்னப்பவும் கேக்கல. உடம்பு என்னோடது தாத்தா."

சொன்னது தப்பு என்று இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு மயங்கி விழுந்து அவளை யாராவது தூக்கிக்கொண்டு ஓடினால், கூட இருக்கிறவனுக்கும் அவன் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கேட்காமல் சொன்னது தப்பு. உன்னிடமும் நாங்கள் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் டிரஸ்ஸரிடம் நீயே சொல்லியிருப்பாயே. உன் வாய் என் வாயைவிடப் பெரிசு.

மூன்று வாரம் கழித்துப் பையன் வீட்டிலிருந்து போன் வந்தது. டாக்டர் ஒன்றும் பயமில்லை என்றாராம், அடுத்த மாதமே நாள் பார்க்கலாமாம். சேகருக்குத் தலைகால் புரியவில்லை. தர்ஷினி மட்டும் பதில் சொல்லவில்லை. இடம் மாறிய இதயம் இப்போது யாருக்கும் பிரச்சினை இல்லை. அந்த "தெரியாதும்மா"தான் அவளுக்குப் பிரச்சினை. போன வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தவள், கைப்பையை இறக்காமலே என்னிடம் கேட்டாள்: "தாத்தா, எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்ன ஆள நம்பலாமா? நல்லவரா அவரு? நீங்கதான் எதையும் மறைக்காம சொல்ற ஆளாச்சே, சொல்லுங்க."

கோழை, விட்டுத் தள்ளு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அந்தப் பையன் பாயைப் பார்த்த பார்வையை நான் அறிவேன். அவன் அம்மாவுக்குப் பயந்தான். நான் பயந்தது அம்மாவுக்கு மட்டுமா, நாற்காலிக்கும்தான். அவனை மன்னிக்கச் சொன்னால் எனக்காகக் கேட்டுக்கொள்வதுபோல் ஆகாதா? மன்னிக்காதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று தப்பித்தேன். அவளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்று மட்டும் இந்த முறை முதலில் கேட்டேன்; எழுதுங்க என்றாள்.

எதையும் மறைக்காத ஆளாம். என் பேத்தியிடம் அவளுடைய அத்தைப் பாட்டி எப்படிச் செத்தாள் என்று கேட்டால், டிரஸ்ஸர் கொன்றார் என்று சொல்வாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

எனவே உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது, லெட்சுமி. இந்தக் கடிதம் வெளிவரும் ஞாயிறு காலை, வீட்டில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன் பத்திரிகையை தர்ஷினியின் கையில் நானே கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். பிரகாஷைக் கட்டிக்கொள் என்றோ வேண்டாம் என்றோ என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அவள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் சேகரையும் ஊரையும் எதிர்த்து அந்தப் பக்கம் நிற்பேன். என்னோடு பேசவே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதையும் ஏற்றுக்கொள்வேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

உன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய,
உன் கூடப் பிறந்த மூத்த அண்ணன்.