கூர் நிற்கிற இரும்பு

3, செவ்வாய்
காலையிலிருந்து உப்புக்காற்று. துணி காயவில்லை.

அம்மாவுக்கு நான் அடித்துக் கொடுத்த முதல் கத்தி தோற்றுவிட்டது. படகு விசிறியைச் சுற்றுகிற பழைய ஷாஃப்டில் செய்தது. அப்பா இன்ஜின் மெக்கானிக், அவர் கொடுத்த துண்டு. கடல் தண்ணீரிலேயே கிடந்தும் துரு ஏறாத இரும்பு, இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். நானும் நம்பினேன். எங்கள் காரைக்கால்மேட்டில் எல்லோருக்கும் துரு ஏறாததுதான் நல்ல இரும்பு.

மார்க்கெட்டில் அம்மா இரண்டாவது வஞ்சிரம் வெட்டும்போதே கத்தியின் வாய் மடங்கிவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற அத்தை விடுமா? "துருவும் பிடிக்காது, மீனையும் வெட்டாது. சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக்கங்க அண்ணி."

அம்மா திட்டவில்லை. டவுன் ஜவுளிக்கடையில் ஆள் கேட்கிறார்கள், அடுத்த கத்தியும் இப்படி ஆனால் திங்கட்கிழமை அங்கே போ என்றாள். நாளெல்லாம் வாசலில் நின்று "வாங்கக்கா, வாங்கக்கா". நானா? பள்ளிக்கூடம் போன காலத்தில் 'உள்ளேன்' சொல்லவே குரல் வராது.

4, புதன்
வெயில். காந்தம் வைத்துப் பார்த்தேன். ஷாஃப்டில் ஒட்டவில்லை. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியும் அரம் சுலபமாக ராவுகிறது. இது கெட்டியாகாத ஜாதி. துரு பிடிக்காதது வேறு, கூர் நிற்பது வேறு. முன்பே ஏன் தோன்றவில்லை.

கட்டடக் கம்பி - வேண்டாம். ஒன்று கெட்டி, ஒன்று மெத்து.
பழைய அரம் - நல்ல கெட்டி. சின்னது.
மீன் வேனின் உடைந்த ஸ்பிரிங் பட்டை - காந்தம் ஒட்டுகிறது. கிரைண்டரில் பொறி கொத்துக் கொத்தாக, கெட்டியாகிற இரும்புக்கு அதுதான் அடையாளம். இதுதான்.

துரு ஏறுமே பாப்பா என்றார் அப்பா. ஏறட்டும்.

6, வெள்ளி
பட்டையைக் காய்ச்சித் தட்டி, ராவி, மறுபடி தீயில். காந்தம்கூட ஒட்டாத அளவுக்குச் சூடேறிச் சிவந்ததும் எண்ணெயில் முக்கினேன். ஆறியதும் அரம் போட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், சந்தோஷத்துக்கு. அப்படியே விட்டால் உடையும். தோசைக்கல்லில் வைத்து வைக்கோல் நிறம் வரும்வரை சூடு. பிறகு புளி போட்டுக் கல்லைத் தேய்த்தேன். அம்மா உத்தரவு.

8, ஞாயிறு
மார்க்கெட்டில் நல்ல கூட்டம். நான் அம்மாவுக்குப் பின்னால், ஐஸ் பெட்டி ஓரம். ஒரு வஞ்சிரம். இன்னொன்று. அப்புறம் பெரிய பாறைமீன் தலை. அம்மா கத்தி வாயை நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். மதியம்வரை சாணை பிடிக்கவே தேவைப்படவில்லை. கத்தி கறுத்துவிட்டது, ஓரத்தில் துருப்பொட்டு. தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

மீன் வாங்க வந்த ஒரு பெண், கத்தி எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார்.

"என் பொண்ணு அடிச்சதுங்க."

காதெல்லாம் சூடு. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது அத்தை நேரே என்னிடம் வந்து தன் கத்தியை நீட்டியது. "இதே அளவு. பிடி மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."

9, திங்கள்
மேகமூட்டம். ஜவுளிக்கடைப் பேச்சே இல்லை. மீதிப் பட்டை அத்தை கத்திக்குப் போதும். உலைக்குக் கரி வாங்கணும்.