கேட்கிற கூட்டம்

மாரியம்மன் துணை

ஆனி 28, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நளினிக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, அண்ணன், அண்ணி ரூபா எல்லோரும் மாரியம்மன் தயவில் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்றே இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறோம். டவர் படுத்துப் பத்து நாளாகிறது, போன் வேலை செய்யவில்லை, அதனால்தான் காகிதம். வெளியே மழை. மழை என்றுகூடச் சொல்ல முடியாது, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வந்து நிற்கிறது, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் பால் வெட்டப் போக முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி தூக்கத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

சித்திரையில் நம் கப்பல் ஜெட்டி விஷயம் சொல்ல ஆரம்பித்தேன், லைன் அறுந்துவிட்டது. அதன் பிறகு பேசியபோதெல்லாம் வெட்கத்தில் நானே பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது முழுக்கச் சொல்கிறேன். கப்பல்களுக்குப் புதிய திட்டம் போட்டார்கள், வைகாசி முதல் நம் ஜெட்டியில் கப்பல் நிற்காது, தீவின் மறுகோடி ஜெட்டியில் மட்டும்தான் நிற்கும் என்று அதில் இருந்தது. அங்கே போகப் பதினெட்டு கிலோமீட்டர், மழை பிடித்துவிட்டால் பாதிப் பாதை ஓடைக்குள் போய்விடும் என்பது உனக்கே தெரியும். ரூபாவுக்கு பிரஷர் ஏறுகிறது, மாதம் ஒரு தடவை போர்ட் பிளேரில் காட்ட வேண்டும், பிரசவமும் அங்கேதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆடிக் கடைசியில் நாள். அவளை அந்த வழியாக எப்படிக் கொண்டு போவது என்று உன் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், சாப்பிட மாட்டான்.

அந்தத் திட்டத்தைப் பற்றி ஸ்கூலில் ‘ஜன் சுன்வாய்’ நடக்கும் என்று ரேஷன் கடைச் சுவரில் இந்தியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு இந்தி படிக்க வரும் என்று எல்லோரும் என்னிடம் வந்தார்கள். சுன்னா என்றால் கேட்பது, எனவே இது மக்கள் கேட்கிற கூட்டம், சும்மா போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று நானும் லயத்து வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். சுன்வாய் என்று வாயில்தானே முடிகிறது, அந்த வாய் யாருடையது என்று உன் அம்மா கேட்டாள். அது இந்தி, உனக்குப் புரியாது என்று அதட்டினேன்.

கூட்டத்துக்கு ஊரே வந்தது. துவைத்த துணி உடுத்தி, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடக் காத்திருப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆபீசர் இந்தியில் படிக்க, பாலகுமார் என்று ஒரு தம்பி தமிழில் சொன்னார், போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் பிறந்து வளர்ந்தவராம். ஒரு மணி நேரம் போனது. ஜன்னல் வழியாகக் கடல் சத்தம் வந்துகொண்டே இருந்தது, கண் செருகிவிட்டது. நம் தோட்டத்துக்குள் கப்பல் வருகிறது மகளே, சத்தமே இல்லாமல், மரங்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன, மேல்தட்டில் ரூபா தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விழித்துப் பார்த்தால் படித்து முடித்துவிட்டார்கள். ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்வதாக பாலகுமார் சொல்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்கத்தான் வந்தோம் என்று சொன்னவன் நான்தானே.

உன் அம்மா எழுந்தாள்.

“சார், இது கேக்குற கூட்டமுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாருங்க. நீங்க சொன்னத இவ்வளவு நேரம் நாங்க கேட்டுட்டோம். இப்ப நாங்க கேக்குறோம், நீங்க சொல்லுங்க.”

பாலகுமார் இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டார். நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு இரண்டு சொல்லாம். பிறகு சிரித்துக்கொண்டே காதால் கேட்பதற்கு சுன்னா என்றும் வாயால் கேட்பதற்கு பூச்னா என்றும் பிரித்துச் சொன்னார். ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா விடவில்லை.

“என் மருமவளுக்கு வலி வந்தா அந்த ஓடைக்குள்ள கப்பல் வருமுங்களா?”

அதற்குப் பிறகு யாரை உட்காரச் சொல்லியும் பலனில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து அரிசி மூட்டையைக் கேட்டார்கள், பிள்ளைகளின் காலேஜைக் கேட்டார்கள், மருந்தைக் கேட்டார்கள். ஆபீசர் நல்ல மனிதர், முதலில் எழுத இருந்ததை விட்டுவிட்டு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது, மழைக்காலம் முடியும் வரை கப்பல் நம் ஜெட்டியிலேயே நிற்கும், கார்த்திகையில் மறுபடி கூட்டம், அப்புறம்தான் முடிவு. முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உன் அண்ணன் இப்போது சோறு சாப்பிடுகிறான். இந்தத் தடவை நோட்டீஸ் தமிழிலும் வந்திருக்கிறது, ‘மக்கள் பேசும் கூட்டம்’ என்று போட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டியவர் ஆபீசராம். பாலகுமார் வேலையாகத்தான் இருக்கும். அப்படியும் உன் அம்மா என்னை அந்தச் சுவர்ப் பக்கம் விடுவதில்லை, வேறு ஆளைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொன்னாள். இருக்கட்டும், எனக்கு அவளை நினைத்தால் பெருமை தாங்கவில்லை, அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ரூபா இன்றைக்குப் புறப்படுகிறாள், அண்ணனும் கூடப் போகிறான். குழந்தை பிறக்கும் வரை போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் உன் சித்தி வசந்தகுமாரி வீட்டில்தான் இருப்பாள். இந்தக் கடிதமும் அவள் பையில்தான் வருகிறது, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கியதும் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு டியூட்டிக்கு ஓடாதே. ஒன்று மறந்துவிடாதே தாயி, உங்கள் ஆஸ்பத்திரியில் மீட்டிங் என்று கூப்பிட்டால் அப்பா மாதிரிக் கேட்காதே, அம்மா மாதிரிக் கேள். மாரியம்மன் உன்னைக் குளிர வைத்திருப்பாள், நூறு வருஷம் நல்லா இரு.

கப்பல் ஊதிவிட்டது. ரூபா குடையை விரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், காகிதத்தைக் கேட்கிறாள். மழைக்குள் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சத்தம் நம் ஜெட்டியிலிருந்துதான் வருகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா கணபதி,
பக்கத்தில் நின்று ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா சொர்ணம்மா.