பர்மா வழியில் பாதி அரிசி

12-8-1965, வியாழன்

பர்மாவிலிருந்து வந்திருக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சந்தைத் திடலில் கடை போட இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரர்கள் விடுவதாக இல்லை. "இன்னா தலைவரே, அவங்க வந்தா நாங்க கடைய மூடிட்டு நம்ம ஊரு கோட்டை மேல ஏறி குந்திக்கணுமா?" என்றார் மளிகைக்கடைச் செட்டியார்.

தலைவர் என் தம்பி. எழுந்து நின்று சொன்னான். நாற்பத்திரண்டில் ரங்கூனிலிருந்து நாங்கள் நடந்து வந்தபோது, கைக்குழந்தையோடு வழியில் கிடந்த ஒருத்திக்கு அக்கா எங்கள் அரிசியில் பாதியைக் கொடுத்தாளாம். "அக்கா அன்னிக்கி பண்ணதத்தான் இன்னிக்கி வரைக்கும் நான் பண்றேன்."

செட்டியார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அதன்பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

நான் கொடுக்கவில்லை. என் பட்டச் சான்றிதழைச் சுற்றிய துணியில் அரிசியையும் முடிந்து மறைத்துக்கொண்டு நடந்தேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. இரவு, "அந்தம்மாவுக்குக் குடுத்தியாக்கா?" என்று அழுதான். நீ முன்னால் போனபோது கொடுத்துவிட்டேன் என்றேன். உடனே என் மடியில் தூங்கிப்போனான். அந்தத் தலையின் கனமும் முடியிலிருந்த மூங்கில் புகை வாசனையும் இன்னும் எனக்கு வேண்டியிருக்கின்றன.

இன்று சாப்பிடும்போது கேட்டான்: "சரியாத்தானக்கா சொன்னேன்? நீ ஒண்ணுமே பேசல."

"கொழம்பு ஊத்திக்கோ" என்றேன்.

கடைகளுக்குக் கூரை ஏறட்டும், பிறகு சொல்லலாம். சொன்னால் அந்த இடத்தை அவன் திருப்பி வாங்கிவிட மாட்டான். ஆனால் அடுத்த கூட்டத்தில் எதை நம்பி எழுந்து நிற்பான்?